மாலுமி சொன்ன 'இன்று வேண்டாம்'



நாம் அன்றாடம் வழங்கும் சொற்களில் கடல் கடந்து வந்து நம்மோடு கலந்துவிட்டவை பல. அவற்றுள் ஒன்று 'மாலுமி'. மரக்கலம் செலுத்துபவரை நாம் மாலுமி என்கிறோம். அரபு மொழியின் 'முஅல்லிம்' என்னும் சொல்லே நம் கடற்கரையில் மாலுமியாகத் திரிந்தது. முஅல்லிம் என்றால் கற்பிப்பவர் என்று பொருள். மதரஸாவில் அமர்ந்து பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுக்கும் என் போன்றோருக்கும் அதே பெயர்தான். இந்தியப் பெருங்கடலில் கப்பல் ஓட்டிய அரபியர், வழியறிந்து கப்பலைச் செலுத்துபவரையும் முஅல்லிம் என்றே அழைத்தனர்.

அக்பரின் அவையில் இருந்த அபுல் ஃபஸல் தொகுத்த 'ஆயினே அக்பரி'யில் கப்பல் பணியாளர்களின் பட்டியல் ஒன்று காணப்படுகிறது. அதில் 'நாகுதா' எனப்படுபவர் கப்பலுக்கு உடையவர். 'முஅல்லிம்' எனப்படுபவரோ கடலின் ஆழத்தையும் மேட்டையும் அறிந்து, விண்மீன்களின் கணக்கையும் அறிந்து, ஆபத்து நேராமல் கப்பலைக் கரைசேர்ப்பவர். உடைமை ஒருவரிடம், அறிவு மற்றொருவரிடம்.

இந்த வேறுபாட்டை ஏட்டில் படித்திருந்த எனக்கு, அதைக் கண்ணால் காணும் வாய்ப்பு 2023ஆம் ஆண்டு மே மாதத்தின் பிற்பகுதியில் கிடைத்தது. மாலத்தீவில், விடாது பெய்த மழையில், முதுகுப்பை சுமந்து ஊர் சுற்றும் வெளிநாட்டு இளைஞர்களோடு ஒரு தோணியில் கழித்த நாட்கள் அவை. அந்தப் பயணத்தில் கண்டதையும், அதிலிருந்து நம் வீடுகளுக்கு எடுத்து வரத்தக்க ஒன்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தோணியும் தோழர்களும்

என் தங்கையின் கணவர் மாலேயில் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிகிறார். கோடை விடுமுறையில் அவர்களைப் பார்த்து வரச் சென்றிருந்தேன். சென்ற மறுநாளே தங்கையின் மகன், "மாமா, தோணியில் ஐந்து இரவு தங்கித் தீவுகளைச் சுற்றி வரும் பயணம் ஒன்று இருக்கிறது. நான் போகிறேன், நீங்களும் வாருங்கள்" என்றான். தாயின் முகத்தில் தயக்கம் தெரிந்தது. "காக்கா கூடப் போவதென்றால் எனக்குக் கவலை இல்லை" என்று அவள் முடித்து வைத்தாள். இவ்வாறுதான் நாற்பதைக் கடந்த ஒரு மதரஸா ஆசிரியர், இருபதைத் தாண்டிய இளைஞர் கூட்டத்தில் ஒருவரானார்!

மாலத்தீவு என்பது ஏறத்தாழ 1,200 சிறு பவளத் தீவுகளின் கூட்டம். வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில், மாலையில் கோத்த மணிகளைப் போல் அவை கிடக்கின்றன. மக்கள் வாழ்வது சுமார் 200 தீவுகளில் மட்டுமே. வளையம் வளையமாக அமைந்த பவளப்பாறைகளின் மேல் தீவுகள் தலை நீட்டுகின்றன. இத்தகைய வளையத்தை அவர்கள் 'அத்தொளு' என்கின்றனர். ஆங்கிலத்தில் 'அட்டோல்' என வழங்குவது இச்சொல்லே. நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை.

1972இல் அங்குச் சுற்றுலா தொடங்கியபோது, மக்கள் வாழாத தீவுகளில் மட்டுமே விடுதிகள் எழுந்தன. செல்வந்தர்கள் அங்கு வந்து, அங்கேயே தங்கித் திரும்பினர். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், மக்கள் வாழும் தீவுகளிலும் சிறு விருந்தினர் இல்லங்கள் நடத்த அரசு இடமளித்தது. அதன் பிறகே கையில் குறைந்த பணமும் முதுகில் ஒரு பையுமாக நாடு சுற்றும் இளைஞர்களுக்கு அந்நாட்டின் கதவு திறந்தது. மக்கள் வாழும் தீவுகளில் மதுவுக்கு இடமில்லை. எங்கள் தோணியிலும் அது இல்லை என்பதை முன்பே கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அவர்கள் மொழியிலும் தோணிக்குத் 'தோனி' என்றே பெயர். முன்பக்கம் பிறைபோல் வளைந்து உயர்ந்திருக்கும். ஒரு காலத்தில் தென்னை மரப் பலகையால் கட்டப்பட்டுப் பாய் விரித்து ஓடியது. 1970களில் இயந்திரம் பூட்டும் வழக்கம் வந்தது. எங்கள் தோணியில் இரண்டும் இருந்தன. காற்று இசைந்தால் பாய், இசையாவிட்டால் இயந்திரம்.

பயணிகள் எட்டுப் பேர். ஜெர்மனி நாட்டுத் தம்பதியர், ஸ்பெயினிலிருந்து வந்த செவிலியர் இருவர், ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர், கொரிய மாணவர் ஒருவர், மருமகன், நான். பெண்களுக்கும் தம்பதியருக்கும் உள்ளே அறைகள். எங்கள் படுக்கை முன்தட்டில், கித்தான் கூரையின் கீழே. தோணியில் பணியாற்றியவர்கள் நால்வர். அவர்களுள் தலைவரை எல்லோரும் 'கேயொளு' என்று அழைத்தனர். மீன்பிடித் தோணியின் தலைவருக்கு அந்நாட்டில் வழங்கும் பெயர் அது. அறுபது வயதை ஒட்டியவர். பேச்சு மிகக் குறைவு. தூண்டில் கோலால் சூரை மீன் பிடிக்கும் தொழிலில் இளமையைக் கழித்தவர். நம் கடற்கரை வீடுகளின் சம்பலுக்கு மணம் தரும் 'மாசி' இருக்கிறதே, அது இவர் போன்றோர் பிடித்த சூரைதான்.

மழை மறைத்த கடல்

திங்கட்கிழமை காலை மாலேயிலிருந்து புறப்பட்டோம். அன்று வெயில் அடித்தது, பாய் விரிந்தது, இளைஞர்கள் பாடினர். மாலைக்குள் தெற்கு மாலே வளையத்தின் தென்பகுதியில் உள்ள குரைதூ என்னும் தீவை அடைந்து நங்கூரமிட்டோம். மறுநாள் அங்கிருந்து திறந்த கடலைக் கடந்து, அடுத்த வளையமாகிய வாவுவின் வடமுனையில் உள்ள ஃபுலிதூ தீவுக்குச் செல்வது திட்டம். தொலைவு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். இரண்டு மணி நேரப் பயணம். அங்கிருந்து மேலும் இரண்டு தீவுகளைப் பார்த்துத் திரும்ப வேண்டும்.

ஸுபுஹு வேளையில் மழை தொடங்கியது. மேற்கிலிருந்து கருமேகம் சுவர்போல் எழுந்து வந்தது. காற்று ஓங்கி அடித்துச் சற்றே ஓயும், மறுபடி அடிக்கும். காலை உணவாக வந்த 'மஸ்ஹுனி'யை, அதாவது சூரை மீனும் துருவிய தேங்காயும் வெங்காயமும் மிளகாயும் பிசைந்த கலவையை, ரொட்டியோடு உண்டு முடித்தோம். எல்லோரும் கேயொளுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தோணியின் பின்புறத்தில் நின்று மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வானொலியில் வானிலைத் துறையின் அறிவிப்பைக் கேட்டார். இறுதியாக எங்களிடம் வந்து, தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "இன்று வேண்டாம்" என்றார்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஆஸ்திரேலிய இளைஞர் தம் கைப்பேசியை நீட்டினார். அதிலிருந்த வானிலைப் படம், முற்பகலில் இரண்டு மணி நேரம் மழை குறையும் என்று காட்டியது. ஜெர்மானியர் நாட்களைக் கணக்கிட்டார்; ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு விமானம். "நாங்கள் பணம் கொடுத்திருக்கிறோம். மழையில் நனைவது எங்களுக்கு அச்சமில்லை" என்றார். என் மருமகனும் அவர்கள் பக்கமே நின்றான்.

கேயொளு சினம் கொள்ளவில்லை. எல்லோரையும் அமரச் சொல்லித் தாமும் அமர்ந்தார். அவர் விளக்கியதன் சாரம் இதுதான்: "நனைவதைப் பற்றி எனக்கும் அச்சமில்லை. மழை நம்மை நனைப்பதல்ல சிக்கல். கடலை மறைப்பதே சிக்கல். இந்தக் கடலில் நான் வழி காண்பது நீரின் நிறத்தைக் கொண்டு. கருநீலம் என்றால் ஆழம். வெளிர்பச்சை என்றால் மணல். பழுப்பு என்றால் பாறை. சூரியன் மேலே நின்றால் அந்த நிறங்கள் தெரியும். மேகம் மூடி மழைத்திரை விழுந்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். இங்கிருந்து வெளியே செல்வது எளிது. மறுபக்கத்தில் பாறைகளுக்கு இடையே உள்ள வாயிலில் நுழையும்போது மழை வந்தால், பாறை எங்கே, வழி எங்கே என்று எனக்குத் தெரியாது. நடுக்கடலில் நின்று காத்திருக்கவும் முடியாது. இரு வளையங்களுக்கும் நடுவே நீரோட்டம் வலியது."

ஸ்பெயின் செவிலியருள் ஒருவர், "எப்போது செல்வோம்?" என்று கேட்டார். "காற்று வடக்கே சற்றுத் திரும்பி, காலையில் சூரியன் தெளிவாக எழும் நாளில். நாளையாக இருக்கலாம், மறுநாளாகவும் இருக்கலாம். அந்த நாள் வந்தால் நானே உங்களை எழுப்புவேன்" என்றார் அவர்.

வாசகர்களே, அந்தத் தோணியில் பணம் கொடுத்தவர்கள் நாங்கள். ஒரு வகையில் பார்த்தால் அந்த ஐந்து நாளைக்கு நாங்களே நாகுதா. ஆனால் முஅல்லிம் அவர். எட்டு நாகுதாக்கள் ஒரு பக்கமும் ஒரு முஅல்லிம் மறுபக்கமும் நின்ற அந்தக் காலைப்பொழுதில், முஅல்லிமின் சொல்லே நின்றது.

கூரையின் கீழே இரண்டு நாட்கள்

செவ்வாயும் புதனும் நங்கூரத்திலேயே கழிந்தன. பன்னிரண்டு பேர், ஒரு கித்தான் கூரை, ஓயாத மழை. முதல் நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மழையோ யாருடைய மனத்தாங்கலையும் பொருட்படுத்தாமல் பெய்தது.

தோணிப் பணியாளர்கள் மட்டும் அதை வரவேற்றனர். கித்தானின் ஒரு மூலையைத் தாழ்த்திக் கட்டி, வழிந்த நீரைக் குடங்களில் பிடித்தனர். ஆறும் ஏரியும் இல்லாத பவளத் தீவில் குடிநீர் என்பது நெடுங்காலம் வானத்திலிருந்து வந்ததுதான். இன்று மாலே நகரம் கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறது. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் அந்த ஆலையில் தீப்பற்றியபோது நகரமே குடிநீரின்றித் தவித்தது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. எங்கள் இளைஞர்கள் சலித்துக்கொண்ட மழை, அவர்களுக்கு ரஹ்மத். அந்தக் கித்தான் விளிம்பில் வழிந்த நீரில்தான் நானும் ஒளூச் செய்தேன்.

தொழுகையைப் பற்றி ஒரு சொல். பயணியின் தொழுகை, கப்பலில் தொழும் முறை ஆகிய பாடங்களை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். நிற்க இயலாமல் தலை சுற்றினால் அமர்ந்து தொழலாம். கப்பல் திரும்பினால் தொழுபவர் கிப்லாவின் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். கரையில் இருந்து படிக்கும் பிள்ளைகளுக்கு இவை மனப்பாடம் செய்யும் வரிகள். நங்கூரமிட்ட தோணி காற்றுக்கேற்பச் சுழலும்போதுதான் அந்த வரிகளுக்கு உயிர் வருகிறது. மாலத்தீவிலிருந்து கஃபா, மேற்கிலிருந்து ஏறத்தாழ 30 பாகை வடக்கே சாய்ந்த திசையில் இருக்கிறது. கேயொளு தம் திசைகாட்டியைக் கொண்டு வந்து என் முஸல்லாவின் முன் வைத்தார். தோணி திரும்பியது, முள் நகர்ந்தது, நாங்களும் திரும்பினோம்.

மாலேயில் பார்த்த பழைய ஜும்ஆப் பள்ளி அப்போது என் நினைவுக்கு வந்தது. 1658இல் ஸுல்தான் முதலாம் இப்ராஹீம் இஸ்கந்தர் காலத்தில், பவளக் கற்களை ஒன்றோடொன்று பொருத்திக் கட்டிய பள்ளி அது. கட்டடம் கிப்லாவுக்கு நேராக அமையாததால், உள்ளே தொழுவோர் மூலையை நோக்கித் திரும்பி நிற்கின்றனர். நிற்கும் இடம் எப்படி அமைந்தாலும் முகம் திரும்ப வேண்டிய திசை மாறுவதில்லை.

மற்றொன்றையும் கண்டேன். பணியாளர்கள் நால்வரும் ஒருசேரத் தொழவில்லை. இருவர் என்னோடு நின்று தொழும்போது, இருவர் நங்கூரக் கயிற்றருகே காவல் நின்றனர். இவர்கள் முடித்த பின் அவர்கள் தொழுதனர். போர்க்களத்து அச்சநேரத் தொழுகையில் ஒரு பிரிவினர் தொழ, மறுபிரிவினர் காவல் நிற்கும் முறையை மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. அதன் சாயலை அந்தத் தோணியில் கண்டேன். தவக்குல் என்பது கயிற்றைக் கைவிட்டுவிட்டுக் கண்மூடுவதன்று. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கும்படி கூறிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டுதலை நாம் அறிவோம். இவர்களோ கட்டிய பின்னும் கட்டுக்கு அருகே கண்விழித்திருந்தனர்.

கொரிய மாணவர் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். "தொழுகையின் நடுவே ஏன் திரும்பினீர்கள்?" என்று கேட்டார். விளக்கினேன். "அப்படியானால் தோணி எங்கே திரும்பினாலும் உங்களுக்கு ஓர் இடம் தெரியும்" என்றார். இதைவிட எளிமையாக நானும் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. அன்றிரவு முதல் பேச்சுத் தடை உடைந்தது. செவிலியர் இருவரும் தம் நாட்டு மருத்துவமனைகளின் இரவுப் பணியைப் பற்றிக் கூறினர். ஜெர்மானியப் பெண்மணி அடுப்படியில் நின்று 'கருதியா' என்னும் மீன்சாறு வைக்கக் கற்றுக்கொண்டார். மழை மட்டும் இல்லாதிருந்தால் எட்டுப் பேரும் எட்டுத் திசையில் கடலில் குதித்திருப்போம். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரிந்திராது.

கடந்து சென்ற மற்றொரு தோணி

இப்போது நான் சொல்லப்போவதுதான் இந்தப் பயணத்தின் சாரம்.

செவ்வாய்க்கிழமை முற்பகலில், கைப்பேசி காட்டியபடியே சிறிது நேரம் மழை குறைந்தது. எங்கள் அருகே நின்ற வேறொரு தோணி நங்கூரத்தை எடுத்துக்கொண்டு தெற்கே புறப்பட்டது. பிற்பகலில் அதிலிருந்த பயணி ஒருவரிடமிருந்து ஆஸ்திரேலிய இளைஞருக்குச் செய்தி வந்தது. அவர்கள் நலமாக ஃபுலிதூ சேர்ந்துவிட்டனர். இளைஞர் அதைக் கேயொளுவிடம் காட்டினார். 'பார்த்தீர்களா?' என்னும் கேள்வி அவர் கண்களில் இருந்தது.

கேயொளு செய்தியைப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ், நல்லபடி சேர்ந்தார்கள்" என்று மனமாரச் சொன்னார். பிறகு, "அவர்கள் சேர்ந்துவிட்டதனால் நான் காலையில் பார்த்தது பொய்யாகிவிடாது" என்று கூறிவிட்டு நங்கூரக் கயிற்றைப் பார்க்கச் சென்றார்.

அந்தச் சொல்லை நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். நாம் பொதுவாக முடிவை வைத்தே முயற்சியை அளக்கிறோம். ஒருவர் வட்டிக்கு வாங்கித் தொழில் செய்து வென்றுவிட்டால், அவரைக் கெட்டிக்காரர் என்கிறோம். ஒருவர் தலைக்கவசமின்றி விரைந்து ஓட்டி வீடு வந்துவிட்டால், அதைத் திறமை என்கிறோம். இறைவன் காப்பாற்றியதை நம் கணக்குச் சரியானதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறோம். காப்பாற்றியது அவன் கருணை. கணக்கு இன்னும் தவறாகவே இருக்கலாம். பிறர் தப்பியதைக் கேட்டும் தம் அறிவை விட்டுக்கொடுக்காதவரே முஅல்லிம்.

வழியறிந்தவர் இல்லாத கப்பலின் நிலையை இப்னு பதூதா பதிவு செய்திருக்கிறார். 1343இல் மாலத்தீவுக்கு வந்த அவர், அங்குக் காழியாகப் பணியாற்றினார். 1344இல் அங்கிருந்து இலங்கைக்குச் சென்று, பின்னர் நம் தமிழ்க் கடற்கரையை நோக்கிக் கப்பலேறினார். வழியில் கடுங்காற்று வீசியது. கடலறிந்த தலைவர் ஒருவரும் அக்கப்பலில் இல்லை என்று அவரே குறிப்பிடுகிறார். பாறைகளில் மோதாமல் தப்பிய கப்பல், கரைக்குச் சற்றுத் தொலைவில் ஆழமற்ற நீரில் தட்டி நின்றது. உடன் வந்தோரைத் தெப்பத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, அவர் இரவெல்லாம் கப்பலின் பின்தட்டில் கழித்தார். விடிந்த பின் கரையிலிருந்து படகில் வந்தவர்கள் அவரைக் காப்பாற்றினர். உலகம் சுற்றிய அறிஞர் அவர். நீதி வழங்கிய காழி. ஆயினும் கடலில் அவருடைய கல்வி போதவில்லை. அங்கே தேவைப்பட்டது வேறொரு கல்வி.

நம் முன்னோர் இதை நன்கறிந்தவர்கள். தூத்துக்குடியிலிருந்து மாலேவுக்குச் சரக்கேற்றிச் சென்ற தோணிகள், தென்மேற்குப் பருவம் கடுமையாகும் மாதங்களில் ஓட்டத்தை நிறுத்திவைப்பது வழக்கம். கேயொளுவிடமும் இத்தகைய கணக்கு ஒன்று இருந்தது. அவர்கள் ஆண்டை 27 கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் பதின்மூன்று பதினான்கு நாட்களாகக் கொள்கின்றனர். 'நக்கை' என்பது அதன் பெயர். நாங்கள் சென்றபோது நடந்தது 'ரோணு'. பெயரைக் கேட்டதும் நம் ஊர் உழவர்கள் கூறும் ரோகிணி என்று புரிந்தது. இது குறி பார்க்கும் சோதிடமன்று. எந்த நாட்களில் எந்தக் காற்று வீசும் என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வைத்த அனுபவக் கணக்கு.

'இன்று போகலாம்'

வியாழக்கிழமை விடியலில் கேயொளு என் தோளைத் தொட்டார். அவர் அந்த இரு இரவுகளும் சரியாக உறங்கவில்லை என்பதை நான் அறிவேன். காற்று பலமாகும் போதெல்லாம் எழுந்து கயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். "இன்று போகலாம்" என்றார். ஸுபுஹு தொழுதோம். அவர் சொன்னபடியே ஒவ்வொருவரையும் தாமே எழுப்பினார்.

சூரியன் நன்றாக மேலே ஏறும்வரை காத்திருந்து, ஒன்பது மணிக்கு நங்கூரத்தை எடுத்தோம். கடலில் அலை இருக்கத்தான் செய்தது. தோணி ஏறி இறங்கியதில் கொரிய மாணவர் காலையுணவை இழந்தார். என் மருமகன் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு அமர்ந்தான். மறுகரையை நெருங்கியதும் பணியாளர் ஒருவர் முன்முனையில் ஏறி நின்றார். நீரைப் பார்ப்பார், கையை வலப்புறம் நீட்டுவார், இடப்புறம் நீட்டுவார். கேயொளு அந்தக் கையைப் பார்த்துச் சுக்கானைத் திருப்பினார். தோணியின் இருபுறமும் பழுப்பு நிறப் பாறை எங்களுக்கும் தெளிவாகத் தெரிந்தது. நடுவே நீலப் பாதை, ஒரு தெருவின் அகலத்திற்குக் கிடந்தது. ஆஸ்திரேலிய இளைஞர் அந்தப் பாறையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் பேசவில்லை. கேயொளுவும் ஒன்றும் பேசவில்லை.

மூன்று தீவுகள் பார்க்க வேண்டிய பயணத்தில் ஒரு தீவுதான் வாய்த்தது. ஃபுலிதூவின் கரையோரம் திருக்கை மீன்கள் முழங்கால் ஆழத்தில் நீந்துவதைக் கண்டோம். மறுநாள் அவ்வூர்ப் பள்ளியில் ஜும்ஆ தொழுதோம். சனிக்கிழமை நலமாகத் திரும்பினோம்.

நம் வீட்டுத் தோணி

வாசகர்களே, ஊர் திரும்பிய சில நாட்களில் ஒரு தந்தை என்னிடம் வந்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள். வெளியூர்க் கல்லூரியில் சேர விரும்புகிறாள். "வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஹஜ்ரத். மூன்று நாளாகப் பிள்ளை சாப்பிடவில்லை. நான் சொன்னது சரிதானே?" என்று கேட்டார். "ஏன் வேண்டாம் என்றீர்கள்?" என்றேன். "காலம் கெட்டுக் கிடக்கிறது" என்றார். "அந்தக் கல்லூரியைப் பார்த்தீர்களா? விடுதியைப் பார்த்தீர்களா? அங்குப் படிக்கும் நம் பிள்ளைகளின் பெற்றோரிடம் விசாரித்தீர்களா?" என்றேன். "இல்லை" என்றார்.

அவரிடம் அந்தத் தோணியின் கதையைத்தான் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டுத் தலைவர் 'வேண்டாம்' என்று சொல்லும் கடமை உள்ளவரே. பிள்ளைகள் கைப்பேசியில் வானிலைப் படத்தைக் காட்டுவார்கள்; அடுத்த வீட்டுத் தோணி கடந்துவிட்டதைக் காட்டுவார்கள். அதற்காகத் தாம் அறிந்த ஆபத்தை அறியாதது போல் இருக்கலாகாது. ஆனால் அந்தக் கேயொளுவின் 'வேண்டாம்' எப்படிப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். அவர் முதலில் கடலைப் பார்த்தார், பிறகே சொன்னார். காரணத்தை எல்லோரும் விளங்கும்படி அமர்ந்து சொன்னார். எப்போது செல்லலாம் என்பதற்கும் அடையாளம் சொன்னார். சொல்லிவிட்டுத் தாம் படுத்து உறங்கவில்லை, எங்களோடு கண்விழித்திருந்தார். நாள் வந்ததும் நாங்கள் கேட்பதற்கு முன்னரே வந்து எழுப்பினார்.

கடலைப் பார்க்காமல் சொல்லும் 'வேண்டாம்' முஅல்லிமின் சொல்லன்று. அது நாகுதாவின் சொல். 'தோணி என்னுடையது' என்பது மட்டுமே அதன் காரணம். காரணமும் முடிவுநாளும் இல்லாத நங்கூரம் தோணியைக் காப்பதில்லை. ஓடாமல் நீரிலேயே கிடக்கும் மரத்தோணியின் அடிப்பலகையில் சிப்பி ஒட்டும், புழு துளைக்கும். புயலில் உடையாத தோணி, துறையிலேயே உளுத்துப்போகும்.

நூஹ் நபி (அலை) அவர்களின் கப்பலைப் பற்றிக் குர்ஆன் கூறுமிடத்தில், கப்பலேறும்போது ஓதும் துஆவை நாம் கற்றிருக்கிறோம். அதன் பொருளைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். கப்பல் ஓடுவதை மட்டும் அது இறைவன் பெயரோடு இணைக்கவில்லை, நிற்பதையும் இணைக்கிறது. நிற்கும் நாளும் அவன் பெயரால் அமைய வேண்டும். ஓடும் நாளும் அவன் பெயரால் அமைய வேண்டும். நம் அச்சத்தின் பெயரால் நிறுத்துவதும், பிறரின் அவசரத்தின் பெயரால் ஓட்டுவதும் அதில் அடங்கா.

அந்தத் தந்தை மறுவாரம் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு அக்கல்லூரியைப் பார்க்கச் சென்றார். விடுதிக் காப்பாளரிடம் ஒரு மணி நேரம் பேசினார். தொழுகைக்கு இடம் உண்டா, உணவு எப்படி, இரவில் வாயிற்கதவு எத்தனை மணிக்கு மூடப்படும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு கல்லூரியின் விடுதி அவருக்கு மனநிறைவு தரவில்லை; காரணத்தை மகளிடமே சொன்னார், அவளும் ஒப்புக்கொண்டாள். அடுத்த ஊரில் மற்றொரு கல்லூரியைப் பார்த்தனர். அங்கே அவள் இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள்.

நம் ஒவ்வொரு வீடும் ஒரு தோணி. அதில் வயதானவர் உண்டு, பிள்ளைகள் உண்டு, பொறுமையிழந்தவர் உண்டு, கடலுக்கு அஞ்சுபவர் உண்டு. வீட்டின் உடைமையை நமக்கு அளித்த வல்ல ரஹ்மான், அதைச் செலுத்தும் அறிவையும் நமக்கு அளிப்பானாக! நிறுத்த வேண்டிய நாளில் நிறுத்தும் உறுதியையும், புறப்பட வேண்டிய நாளில் நம் பிள்ளைகளைத் தோள்தொட்டு எழுப்பும் மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.